மேல் கண்ணு பார்த்தது, கீழ்க் கண்ணு எடுத்தது

பாளையம்பட்டியில் கவிதா என்று ஒரு பிள்ளை கல்யாண ஆல்பம் செய்கிற கடை வைத்திருக்கிறது. எனக்குச் சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்குப் பொழுது போகிற இடம் அந்தக் கடைதான். அங்கே ஏசி இருக்கிறது. அதைத் தவிர வேறு காரணம் சொன்னால் பொய்.

போன வாரம் நான் போய் உட்கார்ந்தபோது கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண மேடை தெரிந்தது. பொண்ணு, மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் ஆட்கள். ஓரத்தில் பூத்தொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்த மாதிரி ஒரு பொம்பளை, வெறும் நெற்றியோடு. கவிதா அந்த அம்மாவைச் சுற்றி ஒரு கோடு இழுத்து ஒரு தட்டுத் தட்டியது. நான் டீயை வாயில் வைத்து எடுப்பதற்குள் ஆளைக் காணோம். நின்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் பூ முளைத்திருந்தது.

"யாருத்தா அது?" என்றேன்.

"பொண்ணோட அம்மா, சித்தப்பா. அப்பா தவறிட்டாராம். மேடைப் படத்துல அவுக வேணாம்னு பொண்ணோட மாமா ஃபோன்ல சொன்னாரு." சொல்லிவிட்டு அது என் பக்கம் திரும்பிக் கேட்டது: "ஏன் சித்தப்பா, ஒங்க காலத்துல இதெல்லாம் எப்படிச் செய்வீக?"

எப்படிச் செய்வீர்களாம்! எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப் போனது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. எழுத்துப் பிழை திருத்தியது என் மருமகள். கோபம் முழுக்க என்னுடையது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் மூன்றாவது தடவை படிக்கப் போனபோது வாத்தியாரே, "முத்தையா, நீ வேற எங்கயாச்சும் போயிருப்பா, எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றார். அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் தண்ணீர் சுமக்கப் போனேன். படம் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்தில் குடிக்கவே நல்ல தண்ணீர் கிடையாது. உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு நெகட்டிவில் புள்ளி புள்ளியாக நிற்கும், மாப்பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். அதனால் நாங்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாப்பிள்ளைகளைக் கழுவினோம். மழை இல்லாத வருசம் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். சுமந்தவன் கழுவப் பழகி, கழுவியவன் பிரிண்டு போடப் பழகி, கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல் கேமராவையே என் கையில் கொடுத்துவிட்டார்கள். என் படிப்பு மொத்தமும் இவ்வளவுதான். இதற்கு மேல் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும்.

ஸ்டுடியோ முதலாளி சங்கரலிங்கம் என்கிறவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பிரியமாக இருந்தால் "ஏலே, வாலே, போலே". கோபம் வந்துவிட்டால் மரியாதை ஏறிக்கொண்டே போகும். "முத்தையா" என்று முழுப் பேரைச் சொன்னால் லேசான கோபம். "வாங்க, போங்க" என்றால் பெரிய கோபம். "ஐயா" என்று ஆரம்பித்தாரானால் நான் சைக்கிள் சாவி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பேன். மரியாதைக்குப் பயந்து வாழ்ந்த ஒரே ஆள் இந்தத் தாலுகாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

படம் எடுக்கும்போது அவர் கேமராவைத் தொட மாட்டார். ஆட்களைத்தான் தொடுவார். ஒரே ஒரு விரலைத் தாடைக்குக் கீழே கொடுத்து மொகத்தைத் தூக்குவார். மாப்பிள்ளையானாலும் சரி, மில்லு மேனேஜரானாலும் சரி, ஒரே விரல்தான். வரிசையை நிறுத்தி முடித்ததும், "கண்ணக் கொட்டாதீக, மூச்சப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஓரத்தில் போய் நிற்பார். அவர் தோளில் கிடக்கிற துண்டைக் கீழே போட்டால் நான் அமுக்க வேண்டும். துண்டு விழாமல் அமுக்கினால் எனக்கு "ஐயா" விழும்.

எங்களிடம் இருந்தது ரெண்டு கண்ணு கேமரா. இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். செங்கல்லை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு பெட்டி. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் கண்ணு நமக்கு. அதில் விழுகிற காட்சி பெட்டியின் தலையில் இருக்கிற மங்கலான கண்ணாடியில் தெரியும். வயிற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். கீழ்க் கண்ணு ஃபிலிமுக்கு. படம் எடுப்பது அதுதான். இன்னொன்று, கண்ணாடியில் தெரிவதில் இடது வலது மாறியிருக்கும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்தக் கேமராவில் ஒரு சங்கடம். பெரிய கூட்டம் விழ வேண்டுமென்றால் நாம் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஆள் உண்டு, இடம் கிடையாது. பந்தல்குடியில் ஒரு கல்யாணத்தில் பின்னால் போய்ப் போய்த் தூத்துக்குடி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று எடுத்தேன். முதலாளி துண்டைப் போட்டார், நான் அமுக்கினேன், நடுவில் உப்பு லாரி வந்துவிட்டது. கழுவிப் பார்த்தால் படம் முழுக்க லாரி. மாப்பிள்ளை வீட்டார் யாரும் தெரியவில்லை. கிளீனர் மட்டும் நன்றாகச் சிரித்திருந்தான். இன்னொரு வீட்டில் பின்னால் போன வேகத்தில் பாயாச அண்டாவில் உட்கார்ந்துவிட்டேன். நான் எழுந்ததும் முதலாளி பக்கத்தில் வந்து, "ஐயா, பாயாசத்துல இனிப்பு சரியா இருக்குங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனிமேல் நான் பின்னால் போகப் போவதில்லை, கேமராதான் அகலமாகப் பார்க்க வேண்டும் என்று.

அகலமாகப் பார்க்கிற ரெண்டு கண்ணு கேமரா கடையில் கிடைக்குமா என்று மதுரையில் விசாரித்தேன். சிரித்தார்கள். சரி, நாமே செய்வோம் என்று கிளம்பினேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவனுக்குத்தான் இந்த மாதிரித் தைரியம் வரும். நான்காம் வகுப்புப் படித்திருந்தால் யோசித்திருப்பேன்.

முதலாளியின் மச்சான் மொட்டை மாடியிலிருந்து கைதவறிப் போட்ட பழைய கேமரா ஒன்று ஸ்டுடியோவில் கிடந்தது. கீழ்க் கண்ணு நொறுங்கிப் போயிருந்தது, மேல் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதுரையில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் ஒரு லென்ஸ் வைத்திருந்தார். ஏதோ வெளிநாட்டுக் கேமராவின் முன்பக்கம் மட்டும் தனியாகக் கழன்று வந்தது. குட்டையாக, முட்டைக்கண்ணு மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தது, ஷட்டரும் அதோடு சேர்ந்தே இருந்தது. கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியாது. கடையிலிருந்தே அதன் வழியாக எட்டிப் பார்த்தேன், தெரு முழுக்க உள்ளே வந்தது. போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

அகலமாகப் பார்க்கிற லென்ஸ் ஃபிலிமுக்குக் கிட்டத்தில் உட்கார வேண்டும். அதனால் முன்தகட்டை வெட்டி, அதைக் குழியில் இறக்கின மாதிரி உள்ளே தள்ளினேன். குழிக்கு ஒரு வளையம் வேண்டியிருந்தது. லேத்துப் பட்டறைச் சுப்பையா டிராக்டரில் கழித்துப்போட்ட பித்தளை புஷ்ஷைக் கடைந்து கொடுத்தான். கொடுக்கும்போது, "ஏலே, இது டிராக்டர்ல இருந்தது. படம் எடுக்கயில உழுதுறப் போகுது, பாத்துக்க" என்றான். ஃபிலிம் உட்காருகிற இடத்தில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, மாடியில் நின்று தூரத்து மில்லுப் புகைபோக்கியைப் பார்ப்பேன். தாளில் புகைபோக்கி மங்கலாக விழுந்தால் வளையத்தை ஒரு மயிரளவு அரத்தில் ராவுவேன். திரும்பப் பார்ப்பேன். திரும்ப ராவுவேன். கோடை முழுக்க இதே வேலை. அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள்கூட அந்தப் புகைபோக்கியை அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளிச்சம் கசிகிற இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். உள்ளே மினுக்கம் தெரியாமல் இருக்கக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்டை அடித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகையைப் பார்த்ததைவிட இந்தப் பெட்டிக்குள்ளேதான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு குறை மட்டும் நின்றது. கீழ்க் கண்ணுக்கு ஜோடியாக இன்னொரு முட்டைக்கண்ணு கிடைக்கவில்லை. மேலே பழைய கண்ணுதான். அது குறுகலாகப் பார்க்கும், கீழே உள்ளது அகலமாக எடுக்கும். மேலே தெளிவாகத் தெரிந்தால் கீழே தெளிவாக விழும் என்றும் சொல்ல முடியாது. அதனால் தூரத்தைக் கயிறு போட்டு அளந்து, குமிழைச் சுற்றிப் பெயிண்டில் கோடு போட்டு வைத்தேன். கண்ணாடியில் தெரிவதற்கு வெளியே இரண்டு பக்கமும் எவ்வளவு ஆள் விழும் என்பது என் மண்டையில் மட்டும்தான் இருந்தது.

சோதனைக்கு ஸ்டுடியோ வாசலை ஒரு படம் எடுத்தேன். கண்ணாடியில் வாசல் மட்டும்தான் தெரிந்தது. கழுவிப் பார்த்தால் ஓரத்தில் முதலாளி வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏலே, இது கேமராவா, ஒளிஞ்சு பாக்குற பயலா?" என்றார். "ஏலே" என்றதால் எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஊரில் மற்ற படக்காரர்கள் சும்மா விடவில்லை. ஒட்டுப் போட்ட டவுசர் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். ஒரு கோடை முழுக்க ராவினவனுக்கு எப்படி இருக்கும்? அதை வெளியே எடுத்துக் காட்ட ஒரு நல்ல கல்யாணம் வரட்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

வந்தது. எம்.ரெட்டியபட்டியில் பருத்திக்காடு நிறைய உள்ள ஒரு வீடு. பொண்ணு ராஜாத்தி. தகப்பன் இல்லை, பெரியப்பாதான் நின்று கல்யாணம் செய்து வைத்தார். கல்யாணம் வீட்டிலேயே, பட்டாசாலையில், அதாவது தூண் வைத்த உள்கூடத்தில். ஆள் அடைசலில் மூச்சு விடவே முறை வைக்க வேண்டியிருந்தது. பின்னால் ஓர் எட்டு வைத்தால் சுவர். முதலாளி என்னைப் பார்த்தார். நான் டவுசரை வெளியே எடுத்தேன்.

கடைசியாக எடுப்பது மொத்த வீட்டுப் படம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அமுக்குவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து கண்ணாடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போவார். அழகு பார்க்க இல்லை. யார் விழக்கூடாதோ அவர்கள் விழுந்துவிடாமல் பார்க்க. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி விழக்கூடாது. தாலி இழந்தவர்கள் விழவே கூடாது. பெற்ற தாயாக இருந்தாலும் சரி. பந்திக்குக் காய் நறுக்கலாம், மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை போடலாம், வந்தவர்கள் வைத்துப் போன எச்சில் டம்ளரைக் கழுவலாம். அதற்கெல்லாம் அபசகுனம் கிடையாது. படத்தில் நின்றால் மட்டும் மாப்பிள்ளைக்கு ஆகாது. இதை எவன் கண்டுபிடித்தானோ, அவனை அண்டாவில் உட்கார வைக்க வேண்டும், பாயாசம் கொதிக்கும்போது.

ராஜாத்தியின் அம்மா சீனியம்மா ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. கையில் அப்போதும் கரண்டி. பெரியப்பா வந்து கண்ணாடியில் குனிந்தார். குனிந்ததும், "என்னப்பா, பொண்ணு எடம் மாறி நிக்குது?" என்றார்.

"அது அப்படித்தேன் தெரியும் பெரியவரே. படத்துல சரியா வரும்" என்றேன்.

"ம்..." என்று இன்னும் குனிந்தார். "அந்தா ஓரத்துல சேல தெரியுது. யாரு, சீனியா? தள்ளு தாயி, அந்தப் பக்கம் தள்ளு."

தலையைத் தூக்காமல் கையை வலது பக்கம் ஆட்டினார். கண்ணாடியில் சீனியம்மா வலது ஓரத்தில் தெரிகிறது, வலது பக்கம் போனால் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் அது நின்றது எங்களுக்கு இடது பக்கம். அவர் கை காட்டிய பக்கம் போனால் கூட்டத்துக்குள்தான் போக வேண்டும். பாவம், அது சொன்னபடி நகர்ந்தது.

"அட, உள்ள வாரியே! அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" கை இன்னும் வேகமாக ஆடியது.

இன்னும் நகர்ந்தது.

"ஏத்தா, சொல்றது காதுல விழலயா? இன்னும் போ!"

சீனியம்மா நகர்ந்து நகர்ந்து, பொண்ணுக்கு நேர் பின்னால் வந்து நின்றுவிட்டது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் போட்ட சத்தத்தில் சாமியறை விளக்கே ஆடியிருக்கும். "அங்க எதுக்குப் போய் நிக்க? அறிவு வேணாம்?"

வீடே திரும்பிப் பார்த்தது. எனக்கு மொகத்தில் நெருப்பு வைத்த மாதிரி ஆனது. இவர் கையை மாற்றி ஆட்டுவாராம், அந்தப் பொம்பளைக்கு அறிவு வேண்டுமாம். சீனியம்மா மகள் தோளை லேசாகத் தொட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே பழைய தூணுக்குப் போய், சேலைகூடத் தெரியாதபடி அதோடு ஒண்டிக்கொண்டது.

பெரியப்பா மறுபடி குனிந்து பார்த்தார். "ம். இப்பச் சரி. யாரும் இல்ல" என்றார். உண்மைதான், கண்ணாடியில் யாரும் இல்லை. கீழ்க் கண்ணுக்கு அந்தத் தூணும், தூணைத் தாண்டி இன்னும் கொஞ்சமும் உண்டு என்பது எனக்குத் தெரியும். பெரியவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு நான் யார் வாயைத் திறக்க? திறக்கவில்லை.

அவர் போய் நிற்பதற்குள் வரிசை அடைத்துவிட்டது. நடுவில் எறும்புக்கும் இடம் இல்லை. வேறு வழியில்லாமல் கோடியில் போய், சீனியம்மாவுக்கு முன்னால் அந்தத் தூணை மறைத்துக்கொண்டு நின்றார். இப்போது நான் குனிந்து பார்த்தால் கண்ணாடியில் அவரும் இல்லை! தானே கட்டிய வேலிக்கு வெளியே தானே போய் நிற்கிறார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். முதலாளி துண்டைப் போட்டார். அமுக்கினேன். இன்னொன்று எடுக்கலாம் என்று ஃபிலிமைச் சுற்றுகிற குமிழைத் திருகினால் டிராக்டர் புத்தி வந்துவிட்டது, இறுகிக்கொண்டு நகரவே இல்லை. மொத்த வீட்டுப் படம் அந்த ஒன்றுதான்.

இருட்டறையில் பிரிண்டு போட்டபோது முதலில் தூண்தான் எழும்பி வந்தது. பிறகு பெரியப்பாவின் வயிறு. பிறகு அவர் தோளுக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில், குனிந்த தலையோடு சீனியம்மா. நான் நினைத்த மாதிரியே வந்திருக்கிறது என்று துள்ளினேன். சொன்னால் நம்புங்கள், அந்தத் துள்ளல் அந்த அம்மாவுக்காக இல்லை, என் கேமராவுக்காக. வீட்டில் ஓர் ஆள் விடாமல் விழுந்திருந்தார்கள். பிறகுதான் நடுவில் பார்த்தேன். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், ராஜாத்தி மட்டும் பார்க்கவில்லை. மொகத்தை முழுசாகத் திருப்பி, பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் தூணுப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறது. தோளைத் தொட்டுவிட்டுப் போன அம்மாவைக் கண்ணாலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

படம் வாங்க வந்த பெரியப்பா ஸ்டுடியோவைப் பெயர்த்துவிட்டார். பின்னாலேயே சீனியம்மாவும் வந்து ஓரமாக நின்றது.

"நான் என் கண்ணால பாத்தேன்! அதுல இவ இல்ல!"

"நீங்க பாத்தது மேல் கண்ணு பெரியவரே. எடுத்தது கீழ்க் கண்ணு" என்றேன்.

"நக்கலா? வெட்டு! அந்த ஓரத்த வெட்டித் தூரப் போடு!"

நான் கத்தரியைக் கொண்டுவந்து படத்தின் மேல் வைத்துக் காட்டினேன். "தாராளமா வெட்டலாம். இந்தா, இப்படி வெட்டுனா அவுக போயிருவாக. கூடவே நீங்களும் போயிருவீக. கல்யாணத்த நின்னு நடத்துன பெரியப்பா எங்கன்னு கேட்டா, மாப்ள வீட்டுல என்ன சொல்ல?"

அவர் கத்தரியைத் தள்ளிவிட்டார். அடுத்து முதலாளி பக்கம் திரும்பினார். "மை வச்சு அழிப்பீகள்ல?"

அழிப்போம். அதுதான் கவிதா கேட்ட கேள்விக்குப் பதில். நெகட்டிவில் ஆள் இருக்கிற இடத்தில் மெல்லிய பிரசில் செவப்பு மையைத் தொட்டுப் பூசினால் படத்தில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். பின்னால் சுண்ணாம்புச் சுவர் என்றால் ஆள் நின்ற தடமே தெரியாது. ஆயிரம் பேருக்குப் பரு அழித்த கை என்னுடையது. ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது: நெற்றியில் ஒரு பொட்டுச் செவப்பு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அழிப்பதற்கு மட்டும் ஆள் முழுக்கச் செவப்பைப் பூசச் சொல்கிறார்கள்.

"முடியாது" என்றேன்.

முதலாளி எழுந்தார். "ஐயா" என்றார். சைக்கிள் சாவி சட்டைப் பையில்தான் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "ஐயா, தயவுபண்ணி அந்த மையையும் பிரசையும் எடுத்து, கொஞ்சம் பூசித் தர்றீங்களா?"

அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இனி கல்யாணத்துக்கு வேறு ஸ்டுடியோவைத் தேடிப் போவார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கும் வேறு வேலை தெரியாது, தண்ணீர் சுமக்க வயசும் இல்லை. நான் அசையாமல் நின்றேன். அப்போது சீனியம்மா முன்னால் வந்தது.

"தம்பி, அழிச்சிருங்க."

எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "நீங்களுமா ஆத்தா? நீங்க படத்துல நின்னா மாப்ளைக்கு ஆகாதுன்னு நீங்களே நம்புறீகளா?"

"நான் நம்புனா என்ன, நம்பாட்டி என்ன? நாளைக்கு அவருக்கு ஒரு தலவலி வந்தாலும் அந்த வீட்டுல இந்தப் படத்தத்தேன் கையக் காட்டுவாக. ஏச்சு வாங்கப் போறது எம் பிள்ள. நீங்களா வாங்கப் போறீக?"

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் நான் பெரிய வசனம் பேசியிருப்பேன். வசனத்துக்குப் பதில் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்து, "மொதல்ல படத்தப் பாருங்க. பெறகு சொல்லுங்க" என்றேன்.

அது குனிந்து தன்னைத்தான் தேடும் என்று நினைத்தேன். நேராக மகளிடம் போனது. வெகுநேரம் கண்ணாடியை நகர்த்தவே இல்லை. தலையைக் குனிந்து நடந்த மனுசிக்கு அன்றைக்கு மகள் பார்த்தது தெரியாதே.

"இவ என்னயவா பாத்தா?" என்று கேட்டது. யாரிடம் கேட்டது என்று தெரியவில்லை.

அப்போதுதான் என் மண்டையில் லாரி ஹாரன் அடித்தது.

"பெரியவரே" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "அழிச்சுத் தாரேன். எனக்கு என்ன? ஆனா இவுகள அழிச்சுட்டா பொண்ணு யாரப் பாத்துச் சிரிக்கும்? தூணப் பாத்துத்தான சிரிக்கும்? எல்லாரும் நேராப் பாக்க, கல்யாணத்தன்னைக்கு ஒரு பொண்ணு தூணப் பாத்துப் பல்லக் காட்டுதுன்னா மாப்ள வீட்டுல என்ன நெனப்பாக? பொண்ணுக்குச் சித்தம் சரியில்லன்னு நெனைக்க மாட்டாகளா?"

பெரியப்பா பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். "மொகத்தத் திருப்ப முடியாதா?"

"கடுகு அளவு இருக்கு மொகம். எந்தப் பக்கம்னு திருப்ப?"

"அப்பத் தூண அழி."

"தூணுக்கு முன்னால நிக்கிறது நீங்க."

சீனியம்மா சேலையை வாயில் வைத்துக்கொண்டது. அழுகிறதோ என்று பார்த்தேன். இல்லை, சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் ராஜாத்தி யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று தெரிந்தது.

பெரியப்பா படத்தை மேசையில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டார். எப்படிப் பார்த்தாலும் சித்தம் கெட்ட பொண்ணு வீடு என்கிற பேர், தாய் நிற்கிற படத்தைவிடப் பெரிய கேடு. கடைசியில், "எனக்குத் தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்று படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். அழிக்கச் சொன்ன சீனியம்மா இரண்டாவது தடவை அதைச் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியைத் திருப்பித் தரத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

அவர்கள் போன பிறகு முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மரியாதைக்காகக் காத்திருந்தேன். "ஏலே," என்றார், "அந்தக் குமிழச் சரி பண்ணு. அடுத்த கல்யாணத்துல ரெண்டு படம் வேணும்."

ராஜாத்தியைக் கட்டிய மாப்பிள்ளை திருச்சுழியில் உரக்கடை வைத்திருக்கிறார். அந்தப் படம் கடைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே அவர் இன்றைக்கும் மூட்டை தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். தலைவலி வந்த மாதிரித் தெரியவில்லை.

இந்தக் கதை முழுவதையும் கவிதாவிடம் சொன்னேன். கையைத் தட்டிச் சிரித்தது. பிறகு, "ஆனா சித்தப்பா, அந்தப் பிரச்சினையே இப்ப இல்ல" என்றது. திரையைக் காட்டியது. அம்மாவை அழித்த படத்தில் பொண்ணு பூத்தொட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளையும் அம்மா பக்கம்தான் பார்த்திருக்கிறது! கவிதா வேறு ஒரு படத்திலிருந்து அதே பொண்ணின் மொகத்தை எடுத்து, இதில் கொண்டுவந்து ஒட்டியது. இப்போது பொண்ணு நேராக நம்மைப் பார்த்தது. ஒட்டு தெரியவில்லை. அம்மாவும் இல்லை, அம்மாவைப் பார்த்ததும் இல்லை.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "என் கேமராவ ஒட்டுப் போட்டதுன்னு சிரிச்சாகளே, அது இருந்த ஆள இல்லன்னு ஒரு நாளும் சொன்னதில்லத்தா. இதுக்குப் பேரு என்ன?"

"பார்ட்டி சொல்றாக சித்தப்பா. நான் என்ன செய்ய?"

"எந்தப் பார்ட்டி? கல்யாணம் மாமாவுக்கா? பொண்ணக் கேட்டியா?"

கவிதா மவுசிலிருந்து கையை எடுத்தது. நாங்களும் அன்றைக்கு ராஜாத்தியைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கவிதா ஃபோனை எடுத்துப் பொண்ணுக்கே போட்டது, நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தது. விசயத்தைச் சொன்னது.

"அக்கா," என்று வந்தது குரல், "கல்யாணக் கடனுக்குக் கையெழுத்துப் போட ஓடுனது எங்கம்மா, நகையக் கழட்டிக் குடுத்தது எங்கம்மா, மேடைக்கு மட்டும் ஆகாதாக்கும்? அந்தப் படத்துல ஆரையாச்சும் அழிச்சுத்தான் ஆகணும்னா எங்க மாமாவ அழிங்க."

கவிதா என்னைப் பார்த்தது. "சித்தப்பா, இப்ப என்ன செய்ய?"

"பார்ட்டி சொன்னாச் செஞ்சுர வேண்டியதுதான" என்றேன்.

அது ஒரு பட்டனை அமுக்கியது, அம்மா திரும்பி வந்தது. இன்னொன்றை அமுக்கியது, பொண்ணு மொகம் பூத்தொட்டிப் பக்கம் திரும்பியது. அப்புறம் மாமாவைச் சுற்றி ஒரு கோடு இழுத்துத் தட்டியது. அவர் நின்ற இடத்தில் மேடைக்குப் பின்னால் தொங்கிய பச்சைத் திரை வந்தது. நாங்கள் இருவரும் டீ வரும்வரை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா இல்லாமலும் கல்யாணம் நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.